ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்

பாட்டு நிற்கவில்லை.

மெழுகில் செதுக்கிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி அவள் காத்திருந்தாள். காதுக்குள் நாகஸ்வரம். மேலே ஒரு சுரத்தை எட்டிப் பிடித்துக்கொண்டு, இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிற இடம். மற்ற நாட்களில் இந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சத்தம் அறுந்துவிடும். செல்போன் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை எழும்பும்: 'வேறொரு கருவியில் பாடல் ஓடுகிறது.' அதற்குக் கீழே, அந்த வேறொரு பாடலின் பெயர்.

இன்று பட்டை எழும்பவில்லை. நாகஸ்வரம் தானாகவே மனசு மாறி இறங்கி வந்தது. தவில் ஓடிவந்து சேர்ந்துகொண்டது. இரண்டும் முட்டி மோதி ஒரே இடத்தில் வந்து நின்றன. கைதட்டல். என்றோ எங்கோ பதிவானது. தட்டிய கைகளில் பாதி இப்போது இருக்காது. அது ஓய்ந்ததும் செயலி தன் இஷ்டத்துக்கு ஒரு டிஸ்கோ பாட்டைப் போட்டது.

அந்த வாசிப்பின் முடிவை அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது. தொட்டால் அங்கே ஏதோ இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும், ஈறுக்குத் தெரியாது.

விவாகரத்துக்குப் பிறகு எல்லாமே அவளுக்கு இப்படித்தான். தீர்ப்பு வந்த அன்றைக்கு நீதிமன்ற வராந்தாவில் வக்கீலம்மா தோளைத் தொட்டு, "அழணும்னா அழுதுடுங்க" என்றபோது, "இங்க பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டவள் அவள். ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு இருவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். ஒத்துவரவில்லை. ஒரு கை ஓங்கவில்லை, மூன்றாவது ஆள் இல்லை, கதவை அறைந்து சாத்தக்கூட இல்லை. இரண்டு பேரும் பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஒரு நாள் பார்த்தால் குறைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

வக்கீல்கள் கெட்டிக்காரர்கள். கட்டில், பீரோ, துணி துவைக்கும் இயந்திரம், பால்கனியில் இருந்த இரண்டு பூந்தொட்டி வரைக்கும் பங்கு பிரித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத பொருள் ஒன்று மட்டும் யார் ஞாபகத்துக்கும் வரவில்லை. பாட்டுக் கேட்கும் செயலியில் இருவருக்கும் பொதுவான ஒரு கணக்கு. கல்யாணமான புதிதில் அவன் எடுத்தது. இருப்பதிலேயே சின்னத் திட்டம்; ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்தான் கேட்க முடியும். இன்னொருவர் பாட்டைத் தொட்டால் முதல் ஆளுக்கு நின்றுவிடும். அன்றைக்கு அவள் கேட்டாள், ஆளுக்கொன்றாக எடுத்துவிடலாமே என்று. "ரெண்டு பேரும் சேர்ந்துதானே கேக்கப்போறோம், எதுக்கு ரெண்டு?" என்றான் அவன்.

அவனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. கட்டடம் கட்டடமாக வேனில் சுற்றுவான். வேனில் ஏறியதும் பாட்டு. அவன் காது எல்லாவற்றையும் தின்னும். கறுப்பு வெள்ளைக் காலத்து சோகப் பாட்டு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிற ராக், அப்புறம் முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பியத் தேவாலயக் கூட்டுப்பாட்டு, அது முடிவதற்குள் தெருமுனைப் பையன்கள் அடிக்கிற கானா. "இவன் காதுல வடிகட்டியே கிடையாது" என்று மாமியார் அலுத்துக்கொள்வார். அவள் அதற்கும் ஒரு படி மேலே போய், "இது வீடா, பஸ் ஸ்டாண்டா?" என்று கேட்பாள். அவளுக்கு அப்போதெல்லாம் ரேடியோவில் வருவது போதும்.

பிரிந்து வந்த முதல் வாரம் அது நடந்தது. பல் செய்யும் கூடத்தில் அரைக்கும் இயந்திரங்களின் சத்தத்தை மறைக்க அவள் ஏதோ பழைய பாட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதியில் அறுந்தது. நெட் போய்விட்டது என்று போனைத் தட்டினால் சாம்பல் பட்டை. கீழே, ஒரு பாலைவன தேசத்துக் கிட்டார் இசைக் குழுவின் பெயர். ஓ, வேனை எடுத்துவிட்டான்.

பட்டையை ஒரு தட்டுத் தட்டினால் போதும், பாட்டு அவளிடம் திரும்பி வந்துவிடும். அவள் தட்டவில்லை. அவனுடைய அந்த ஒரு பாட்டு முடியட்டும் என்று காத்திருந்து, பிறகு தன்னுடையதை எடுத்துக்கொண்டாள். அரை மணி கழித்து அவனும் அதையே செய்தான். அதுவே முறையாகிவிட்டது. ஒருவர் பிடுங்கினால் மற்றவர் ஒரு பாட்டு விட்டுக்கொடுப்பது. பேசி முடிவெடுத்திருந்தால் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. பேசுவதற்கு வக்கீல் வேண்டியிருந்திருக்கும்.

காத்திருக்கும் நேரத்தில் பட்டையில் தெரிந்த பெயரைப் பிறகு தேடிக் கேட்க ஆரம்பித்தாள். பிடித்ததா என்று அவளைக் கேட்டால் அவளால் சொல்ல முடியாது. சும்மா, என்னதான் கேட்கிறான் என்று பார்ப்பதற்காக. பாலைவனக் கிட்டார் ஒட்டகம் மாதிரியே நடந்தது. ஒற்றைச் செல்லோ ஒன்று, ஆளில்லாத வீட்டில் யாரோ நாற்காலியை நகர்த்துவதுபோல் ஆரம்பித்து, போகப்போக வீடு முழுக்க ஆளாகிவிட்டது. நியூ ஆர்லியன்ஸ் பக்கத்து சவ ஊர்வல டிரம்பெட்டைக் கேட்டபோது, இது நாகஸ்வரத்தின் ஒன்றுவிட்ட தம்பி என்று அவளுக்கு உடனே தெரிந்தது. இரண்டும் பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவில் நடக்கிற வேலை. முன்பல் லேசாகச் சாய்ந்தால் இரண்டு வித்வானும் வேறு தொழில் பார்க்கவேண்டியதுதான். இதையெல்லாம் சொல்வதற்கு ஆள் இல்லை. பட்டைக்கு அந்தப் பக்கம் இருப்பவனோடு பேச்சு வார்த்தை இல்லை.

ஆனால் அவன் எப்போது கிளம்பினான், எப்போது வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறான், எந்த நாள் மனசு சரியில்லை, எல்லாம் அவளுக்குத் தெரியும். மனசு சரியில்லாத நாளில் அவன் சொற்கள் இல்லாத இசை மட்டும்தான் கேட்பான்.

மறுநாளும் பாட்டு நிற்கவில்லை.

அவள் தூண்டில் போட்டுப் பார்த்தாள். அவன் வேனில் இருக்க வேண்டிய நேரமெல்லாம் பார்த்து அவனுக்குப் பிடித்ததைப் போட்டாள். தோலும் நரம்பும் அதிர்கிற பறைக்கூட்டம் ஒன்று. அசையவில்லை. அவனுக்குக் கட்டோடு ஆகாத, குழந்தைகளுக்கான பொம்மைப் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். அந்தப் பக்கம் உயிர் இருந்தால் பிடுங்கியிருக்க வேண்டும். பொம்மைப் பாட்டு யானையையும் பூனையையும் வரிசையாக அழைத்து, தடங்கலே இல்லாமல் முடிந்து, மறுபடி யானையை அழைத்தது.

அதற்கடுத்த நாள் அவள் பல் ஒன்றைக் கெடுத்தாள்.

கூடத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. முன்பற்கள் செய்யும் மூத்தவர் முன்பல் அக்கா. அச்சு வார்க்கிறவர் மாவு அண்ணன். யார் கண்ணுக்கும் தெரியாத பின்பக்கப் பற்களைச் செய்கிற அவளுக்கு, சேர்ந்த அன்றைக்கே கடைவாய் என்று பெயர் வைத்தாகிவிட்டது.

"கடைவாய், கொஞ்சம் இப்படி வா" என்று முன்பல் அக்கா கூப்பிட்டார். அவர் உள்ளங்கையில் அவள் காலையில் முடித்த பல். "இது எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்க்கா."

"டாக்டர் கேட்டது?"

அச்சைப் பார்த்தாள். காலி இடம் வலது பக்கத்தில் இருந்தது.

"உனக்கு என்னடி ஆச்சு? ஆள் மாறிப் பல் செஞ்சாக்கூட சமாளிச்சிடலாம். பக்கம் மாறிச் செஞ்சா, அந்த மனுஷன் கழுத்தத் திருப்பி வெச்சுக்கிட்டா மெல்லுவான்?"

மாவு அண்ணன் தூரத்திலிருந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "அவரு மூணு நாளா பாட்டு கேக்கலக்கா" என்றாள்.

"எவரு?"

"அவருதான்."

அக்காவுக்கு எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அவர் முகத்திலிருந்த தூசிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"என் வீட்டுக்காரர் தினம் எனக்குப் பக்கத்துலதான் படுத்திருக்காரு. காதுல எதையோ மாட்டிக்கிட்டு. என்ன கேக்கறாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டீங்களாம்!" அக்கா கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார். "போன் பண்ணித் தொலை."

"நம்பர் அழிச்சிட்டேன்."

"மனசுலேர்ந்தா?"

விரல் தானாக எண்களை அழுத்தியது. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண்குரல் சொன்னது. மறுபடி. அதே பெண், அதே பொறுமை.

லிஃப்ட் குழியைப் பற்றி அவன் ஒரு தடவை சொல்லியிருந்தான். மேலேர்ந்து பாத்தா கிணறு. கீழேர்ந்து பாத்தா, வானமே இல்லாத கிணறு. அன்றைக்கு அவள் துணி மடித்துக்கொண்டே "ம்" என்றாள். இப்போது அந்தக் கிணறு முழுசாகக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பயமாக இருக்கிறதா என்று தனக்குள்ளே துழாவிப் பார்த்தாள். கை சில்லிட்டிருந்தது, அதுவும் வேறு யாருடைய கையோபோல. அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவன் வேலை செய்யும் நிறுவனத்தின் கிட்டங்கி ஊருக்கு வெளிப்பக்கம். கம்பிச் சுருள்கள், எண்ணெய் வாடை, அக்கக்காகக் கழற்றிப்போட்ட லிஃப்ட் பட்டன் பலகைகள். மேற்பார்வையாளர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் கேட்டாள். அவர் வாயில் சோற்றோடு, "அவரா? பெரியாஸ்பத்திரியில இருக்காரே" என்றார். "மூணு நாளாச்சு."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எந்த வார்டு சார்?"

"வார்டா?" மேற்பார்வையாளர் மென்றதை விழுங்கினார். "லிஃப்டும்மா. அங்க ரெண்டு லிஃப்டும் மக்கர். அதப் பாக்கத்தான் அனுப்பியிருக்கேன். கல்லு மாதிரி இருக்காரு மனுஷன். நீங்க யாரு அவருக்கு?"

சரியான வார்த்தை ஒன்று சட்டத்தில் இருந்தது. அதை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. "தெரிஞ்சவங்க" என்றாள்.

இத்தோடு திரும்பிப் போயிருக்கலாம். ஆள் இருக்கிறான்; கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அதையேதான் நினைத்தாள். கூடத்துக்குப் போகிற பஸ் முதலில் வந்தது. அதை விட்டுவிட்டாள். கல்லு மாதிரி இருக்கிறவன் ஏன் பாட்டுக் கேட்கவில்லை? கேட்காமல் இருக்கிற ஆளா அவன்? காய்ச்சலில் கிடந்தபோதுகூடத் தலையணைக்கு அடியில் முணுமுணுவென்று ஒரு பியானோ ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற மஞ்சள் தடுப்புக்குப் பின்னால், திறந்து கிடந்த லிஃப்டின் வாசலில் அவன் குந்தி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கருவிப் பெட்டி. கொஞ்சம் இளைத்திருந்தான். காதோரம் நரை. ஒரு காதில் இயர்போன்; மற்றது கழுத்தில் தொங்கியது.

நிமிர்ந்தவன் சட்டென்று எழுந்தான். "என்ன? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல."

"உங்கம்மாவுக்கு..."

"நல்லா இருக்காங்க." அவனையும் இயர்போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "பாட்டு நிக்கல" என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் என்ன உளறுகிறாய் என்று கேட்டிருப்பார்கள். அவன் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டான். ஒவ்வொரு விரலாக, நிதானமாக.

"ஆமா. நான் தனியா ஒண்ணு எடுத்துட்டேன்."

இரண்டு நர்ஸுகள் தடுப்பைச் சுற்றிக்கொண்டு மாடிப்படிக்குப் போனார்கள்.

"போன வாரம் நீ அந்த நாகஸ்வரத்தப் போட்ட. நான் வண்டிய எடுத்தேன், வெட்டிடுச்சு. மறுநாளும் அதே நாகஸ்வரம். அதுக்கு மறுநாளும். தினம் நீ மொதல்லேர்ந்து ஆரம்பிக்கற, தினம் நான் அதே எடத்துல வந்து நிக்கறேன். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. பாவம், ஒரு தடவையாச்சும் முழுசா கேக்கட்டுமேன்னுதான்."

"முழுசா கேக்கணும்னு நான் உங்ககிட்ட சொன்னேனா?"

அவளுக்கே அந்தக் கேள்வி புதிதாக இருந்தது. அந்த நாகஸ்வரத்தை ஏன் தினமும் காலையில், அவன் வேனில் ஏறுகிற நேரம் பார்த்து ஆரம்பித்தாள்? மத்தியானம் போட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்தால் அவன் தூங்கிக்கொண்டிருப்பான், முழுசாகக் கேட்டிருக்கலாம். இதுவரை அதை அவள் யோசித்ததில்லை. இப்போது, பினாயில் வாடையில், ஒரு மஞ்சள் தடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு யோசித்தாள்.

"சொல்லல" என்றான் அவன், மெதுவாக. "நாம எங்க சொல்லிக்கிட்டோம்?"

"புதுசுல என்ன கேக்கறீங்க?"

அவன் கழுத்தில் தொங்கியதைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டான். முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்துபோனது. "அதுக்கு நான் யாருன்னே தெரியல. வயசு கேட்டுச்சு, போட்டேன். அந்த வயசுக்காரன் எவன எடுத்தாலும் கேக்கற பத்துப் பாட்டு இருக்கும் பாரு, அதையே போடுது. செல்லோவத் தேடினா, தூக்கம் வரலையான்னு கேக்குது. புதுசா பொறந்த மாதிரி இருக்கு. சேத்ததெல்லாம் பழசுலதான் கெடக்கு. அத உம் பேருக்கே மாத்திவிட்டுட்டேன். மெயில் வந்திருக்குமே, பாக்கலியா?"

பார்க்கவில்லை. அவள் மெயில் பார்ப்பதை நிறுத்தியும் ரொம்ப நாளாகிறது.

ஆக, அவன் கேட்டுச் சேர்த்ததெல்லாம் இனி அவளுடையது. தேவாலயமும் கானாவும் பாலைவனமும். வக்கீல்கள் பங்கு பிரிக்கத் தவறியதை அவன் தானாகவே பிரித்து, மொத்தத்தையும் இந்தப் பக்கம் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான். கண்ணியமான மனுஷன், பூந்தொட்டியில்கூடப் பெரியதை அவளுக்குத்தான் விட்டுக்கொடுத்தான். அந்தச் செடிக்கு அவள் தண்ணீர் ஊற்றுகிறாளா என்று அவன் கேட்டதில்லை. ஊற்றுகிறேன் என்று அவளும் சொன்னதில்லை.

பழையதையே கேளுங்கள், பாதியில் பிடுங்குங்கள், பரவாயில்லை. சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

"இந்த லிஃப்டுக்கு என்ன?" என்று கேட்டாள்.

"கதவு. ஆள் உள்ள வர்றதுக்குள்ள மூடிக்குது. ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கிட்டு வர்றவங்களுக்கு அவகாசமே குடுக்கல. நேத்து ஒருத்தர் காலு மாட்டியிருக்கும்." அவன் மேலே அண்ணாந்தான். "மெஷின் ரூம்ல போய் நேரத்தக் கூட்டி வைக்கணும். கூட வந்தவரு பாகம் வாங்கப் போயிட்டாரு. நான் மேல போற நேரத்துல கதவு மூடிடுச்சுன்னா திரும்ப மொதல்லேர்ந்து..." நிறுத்தினான். "உனக்கு வேலைக்கு நேரமாயிடும்."

"என்ன செய்யணும்?"

"உள்ள நின்னு இந்த பட்டன அமுக்கிப் பிடிச்சுக்கணும். நான் வந்து சொல்ற வரைக்கும் விடக் கூடாது. விட்டா மூடிக்கும். ஓடாது, பயப்படாத. ஓட்டத்த நிறுத்தி வெச்சிருக்கேன்."

அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள். மூன்று பக்கமும் எஃகுச் சுவர். ஒவ்வொன்றிலும் தேய்ந்த மாதிரி ஒரு பெண். கட்டைவிரலை பட்டன் மேல் வைத்தாள். அவன் ஒரு நொடி அந்த விரலைப் பார்த்தான். கழுத்தில் தொங்கிய இயர்போனைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஏறினான். காலடி ஒவ்வொரு திருப்பத்திலும் மெலிந்துகொண்டே போனது.

அப்போதுதான் கூரையிலிருந்த சின்ன ஒலிபெருக்கி அவள் காதில் விழுந்தது. லிஃப்டோடு சேர்ந்து தொழிற்சாலையிலிருந்தே வருகிற இசை. புல்லாங்குழல் மாதிரி ஒன்று, புல்லாங்குழல் இல்லை. எந்த தேசமும் இல்லை, எந்தக் காலமும் இல்லை. யாரும் ஆசைப்பட்டு வாசித்திருக்க மாட்டார்கள், யாரும் தேடிக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அடியில் ஒரு தாழ்ந்த சுரம் நாலு படி இறங்கி, அப்புறம் தயங்கி, ஒரு படி ஏறியது. அந்தத் தயக்கத்தை அவள் காது பிடித்துக்கொண்டது. அடுத்த சுற்றில் அதே இடத்துக்காகக் காத்திருந்தது. வடிகட்டி எப்போது கழன்று விழுந்தது என்று தெரியவில்லை.

மஞ்சள் தடுப்புக்கு அந்தப் பக்கம் சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், அவருக்குப் பின்னால் மருந்துப் பையோடு மகளோ மருமகளோ. எல்லோரும் அவளையே பார்த்தார்கள், லிஃப்டை ஓட்டுகிறவள் அவள்தான் என்பதுபோல.

"மேல போகுமாம்மா?" என்றார் பெரியவர்.

"இன்னும் இல்லீங்க. அவர் பாத்துக்கிட்டிருக்காரு."

"நேரமாகுமா?"

அவளுக்குத் தெரியவில்லை. எங்கோ உயரத்தில் ஒரு இரும்புக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கட்டைவிரல் நுனி வலிக்க ஆரம்பித்திருந்தது. அதை எடுக்காமல், அதன் மேல் இன்னொரு விரலையும் வைத்து அழுத்திக்கொண்டாள்.